எங்களைத் தூக்காதீர்கள், ஒரு மேடை கட்டுங்கள்

புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் குதிரையேற்றப் பயிற்சித் திடல் நடத்துவோருக்கும், புதுச்சேரியிலும் கடலூரிலும் விளையாட்டு, சுற்றுலா, மாற்றுத்திறனாளிகள் நலன் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் முதல் கடிதம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. இரண்டாவதும் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் வராததால் இந்த மூன்றாவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது அதே ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகள் குதிரையில் ஏற, திடலில் சாய்வுப் பாதையோடு ஓர் ஏறுமேடை கட்டித் தாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் ஒரு பையன் வந்திருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். மடியில் அப்பாவின் பைக் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். குதிரை ஏற ஹெல்மெட் வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் இருந்தவர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. "இவனை ஏத்த வசதி இல்ல சார், வேணும்னா குதிரையைத் தொட்டுப் பார்த்துட்டுப் போகட்டும்" என்றார். குதிரையை அருகில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பையன் அதன் மூக்கைத் தொட்டான், கழுத்தைத் தடவினான். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அவ்ளோதானா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பினார்.

அந்தக் கேள்விக்கான பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் விளங்காமல் போனது. காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமான கேலிப்பரும் ஒரு ஊன்றுகோலும் வைத்து நடக்கிறேன். என் கால் சரியாக வேண்டும் என்று அம்மா, நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊர் அய்யனாருக்கு மண் குதிரை நேர்ந்துகொண்டாள். கால் சரியாகவில்லை. குதிரை மட்டும் கோயில் வாசலில் இன்றும் நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் படையலுக்குப் போகும்போது அதன் முதுகைத்தான் பார்ப்பேன். எனக்காகச் செய்த குதிரை அது. ஒரு நாளாவது நிஜக் குதிரையில் உட்கார வேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது.

நாற்பது வருடம் கழித்து, அக்கா மகளை வகுப்புக்கு அழைத்து வந்தபோது வாய்ப்புக் கிடைத்தது. ஆறு வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஏழாவது வாரம் கேட்டேன். பயிற்சியாளர் நல்ல மனிதர். உடனே சரி என்றார். "ஏத்திவிட்றோம் மேடம், கவலைப்படாதீங்க" என்றார்.

அந்த ஏற்றிவிடுதல் எப்படி நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாகக் குதிரையின் இடப்பக்கம் நின்றுதான் ஏறுவார்கள். இடது காலைச் சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் வைத்து, உடம்பின் முழு எடையையும் அந்தக் காலில் தாங்கி எழும்பி, வலது காலை அந்தப் பக்கம் போட வேண்டும். எனக்கு இல்லாதது அந்த இடது கால்தான். கேலிப்பர் முழங்காலைப் பூட்டி வைத்திருப்பதால் அதோடு குதிரையில் உட்காரவும் முடியாது. கழற்ற வேண்டும். மறைவான இடம் எதுவும் இல்லை. பெற்றோர்களும் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்த அந்தத் திடலில், மணலில் உட்கார்ந்து வாரை அவிழ்த்துக் கேலிப்பரைக் கழற்றினேன். என் மாணவர்கள் ஒருவர்கூடப் பார்த்திராத அந்தக் காலை அன்று முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மூன்றாமவர் தொடையைப் பிடித்துத் தள்ளினார். சுடிதார் மேலே ஏறியது. இழுத்துவிடக் கை இல்லை, இரண்டு கையும் சேணத்தைப் பற்றியிருந்தன. அரிசி மூட்டையை லாரியில் ஏற்றும்போது "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார்களே, அதே குரல். சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது. குதிரை வலி தாங்காமல் காதை மடக்கிக்கொண்டு நகர்ந்தது. பாவம், அதன் மேல் என்ன தப்பு?

தூக்கியவர்கள் மேலும் தப்பில்லை. மூன்று பேருமே அன்போடுதான் செய்தார்கள். மேடை இருந்திருந்தால் அவர்கள் என்னைத் தொட வேண்டிய தேவையே வந்திருக்காது.

ஆனால் மேலே உட்கார்ந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சற்றே சுழன்றும் அசைகிறது. ஏறக்குறைய மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைகிற அதே விதம். குதிரையின் நடையை உடற்பயிற்சிச் சிகிச்சையில் பயன்படுத்துவதற்கு அடிப்படையே இதுதான். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் உடம்பு தெரிந்துகொண்டது. இரண்டு காலும் சமமாக இருப்பவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று என் இடுப்புக்கு அன்றுதான் புரிந்தது. இருபது நிமிடம். வேலியோரமாக வந்த ஒரு அம்மா தன் குழந்தையிடம் "அந்த ஆன்ட்டி எவ்வளவு நேரா உட்கார்ந்திருக்காங்க பாரு" என்றார். என்னை யாரும் அப்படி உதாரணம் காட்டியதில்லை.

இறங்கும்போது மறுபடியும் மூன்று பேர். அடுத்த வாரம் போனபோது "பொறுப்பு எடுத்துக்க முடியாது" என்ற பதில். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன், அதற்கும் முடியாது. மேடைச் செலவில் பாதியைத் தருகிறேன் என்று எழுதினேன். அலுவலகம் ஒன்றில் நேரில் கேட்டபோது, "இதெல்லாம் பொழுதுபோக்கும்மா, பஸ் பாஸ், உதவித்தொகைன்னா சொல்லுங்க" என்றார் ஒருவர்.

பொழுதுபோக்குதான். எங்களுக்கும் பொழுது இருக்கிறதே ஐயா. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-ஆவது பிரிவு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் பற்றியது. 30-ஆவது பிரிவு விளையாட்டைப் பற்றியது. விளையாட்டு வசதிகளை எங்களுக்கு ஏற்றபடி மாற்றியமைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சேவை தருவோர் செய்துதர வேண்டிய அணுகல் வசதியைப் பற்றிய 46-ஆவது பிரிவு அரசுச் சேவை, தனியார் சேவை என்று பிரித்துப் பார்க்கவில்லை. நியாயமான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அந்தச் சட்டத்தின் வரையறையே சொல்கிறது. இது தமிழ்நாட்டுக்கும் பொருந்தும், யூனியன் பிரதேசத்துக்கும் பொருந்தும். கடலூர் ஆள் புதுச்சேரியில் கேட்டால் புதுச்சேரி கடலூரைக் கைகாட்டுவதற்கு இதில் இடமில்லை.

கால் முடியாதவர்களுக்குக் குதிரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1944-இல், கருவுற்றிருந்தபோது அவருக்குப் போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவேயில்லை. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையின் நடையையும் அசைவையும் நேர்த்தியாக இயக்கிக் காட்டும் டிரஸ்ஸாஜ் போட்டியில் பெண்களை முதல்முறையாகச் சேர்த்தார்கள். ஆண்களோடு போட்டியிட்டு ஹார்ட்டெல் வெள்ளி வாங்கினார். 1956-இல் மறுபடியும் வெள்ளி. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கும் பிறர் துணை தேவைப்பட்டது. பாராலிம்பிக்கில் 1996 அட்லாண்டாவிலிருந்து குதிரையேற்றம் தொடர்ந்து இருக்கிறது. உடல்நிலையைப் பொறுத்து ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் இருப்பவர்கள் குதிரையை நடக்க மட்டுமே விடுவார்கள், ஓட்டம் கிடையாது. அதற்கும் பதக்கம் உண்டு. இங்கிலாந்தில் உடல் ஊனமுற்றோருக்கான குதிரையேற்றச் சங்கம் 1969-லேயே தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட திடல்களில் எங்களைப் போன்றவர்கள் ஏற ஏறுமேடை வைக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கவலைப்படுவதை மதிக்கிறேன். எல்லோரும் ஏற முடியாது என்று எனக்கும் தெரியும். எலும்பு எளிதில் முறிகிறவர்கள், வலிப்பு கட்டுப்படாதவர்கள், இடுப்பு மூட்டு விலகியவர்கள், உட்காரும் இடத்தில் படுக்கைப்புண் இருப்பவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் கழுத்து மூட்டு உறுதியாக இல்லாதவர்கள் ஏறக் கூடாது. அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். புதுச்சேரியில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. குதிரையைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் துணைக்கு நடக்க இருவர், விழுந்தால் பாதத்தை விட்டுவிடும் பாதுகாப்பு அங்கவடி, ஊன்றுகோல் கீழே விழும் சத்தத்துக்கு மிரளாத சாதுவான குதிரை. இவ்வளவு போதும். என்னைத் தூக்க மூன்று பேர் வந்தார்களே, அதே மூன்று பேர்தான்.

இதை எழுதும்போது மற்றதெல்லாம் நினைவுக்கு வருகிறது. நான் வாழும் கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. இன்றுவரை அந்த அலை என் காலில் பட்டதில்லை. மணலில் ஊன்றுகோல் புதைந்துவிடும். சென்னை மெரினாவில் 2022-இல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அந்த டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, திரும்பவும் சரிசெய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அழுதுவிட்டேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பேருந்தின் முதல் படி என் முழங்காலைவிட உயரம். எங்கள் தெருவில் ஒரு கட்டடத்தின் சாய்வுப் பாதை வண்டி நிறுத்தும் இடமாகவே ஆகிவிட்டது. எதைக் கேட்டாலும் "உங்களைப் போல எத்தனை பேர் வரப்போறாங்க?" என்கிறார்கள். படி மட்டும் இருக்கும் இடத்துக்கு எங்களில் யார் வருவார்கள்? நாட்டில் இயற்கையான வைரஸால் கடைசியாகப் போலியோ வந்தது 2011-இல். இந்த நோய் ஏறக்குறைய முடிந்தது, நல்லது. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளில் தண்டுவடம் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட்டோடு வந்த அந்தப் பையன் இருக்கிறான்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கடற்கரைக்குத் தனியாக எழுதுகிறேன். இங்கே கேட்பது மேடை ஒன்றைத்தான்.

கணக்கு ஆசிரியை என்பதால் அளவையும் போட்டுவிட்டேன். உங்கள் திடலில் இருக்கும் குதிரைகள் சுமார் 14 கை உயரம். ஒரு கை நான்கு அங்குலம், ஆக 56 அங்குலம். மேடை இரண்டரை அடி, அதாவது 30 அங்குல உயரத்தில் இருந்தால் மீதி 26 அங்குலம். மேடையில் நிற்பவருக்கு அது தொடை மட்டம். திரும்பி உட்கார்ந்து காலைச் சுழற்றிப் போட்டால் போதும், யாரும் தூக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கைகொடுப்பது எளிதாகும். சாய்வுப் பாதைக்கு விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குல நீளம். 30 அங்குலம் ஏற 30 அடி நீளம் வேண்டும். 15 அடி போய், திரும்பி, இன்னொரு 15 அடி வந்தால் இடமும் அடங்கும். மேலே சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி. ஒரு பக்கம் கைப்பிடி. பக்கத்தில் கேலிப்பரைக் கழற்றி மாட்ட ஒரு சிறிய தட்டி மறைப்பு. இதில் குதிரைக்கும் நன்மை இருக்கிறது. தரையிலிருந்து ஏறும்போது ஒரு பக்கமாக இழுபடுகிற முதுகுக்கு ஓய்வு கிடைக்கும். உங்கள் மற்ற மாணவர்களும் அதில் ஏறலாம்.

தயவுசெய்து இந்த ஒரு மேடையைக் கட்டித் தாருங்கள். கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்றால், அனுமதி தர வேண்டியவர்கள் அதைத் தந்து உதவுங்கள். பாதிச் செலவு என் பொறுப்பு என்று எழுதியது அப்படியே இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அக்கா மகளுக்கு வகுப்பு. நானும் வருவேன். அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டுவருகிறேன். லாயத்துக்குக் கிழக்கே, வேப்பமரத்தடியில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் வந்து "இங்கே போட்டுக்கொள்ளுங்கள்" என்று காட்டினால், கோடு போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு கணக்கு ஆசிரியை
மஞ்சக்குப்பம், கடலூர்