பாதரசம் புளித்தண்ணீரில் போகாது

ஆசிரியருக்கு,

மீனைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தோலையும் கொழுப்பையும் நீக்கினால் பாதரசம் போய்விடும் என்று போன கிழமை உங்கள் சமையல் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் ஸ்காபரோவில் மீன்கடையில் மீன் வெட்டுகிறவன். அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "தம்பி, இதில போட்டபடி தோலை உரிச்சுத் தாங்கோ" என்கிறார்கள். உரித்துக் கொடுக்கிறேன். கொழுப்பில் தங்கும் வேறு சில இரசாயனங்களுக்கு அது சரி. பாதரசமோ சதையோடு ஒட்டியிருப்பது. பொரித்தாலும் போகாது. மணமில்லை, நிறமில்லை, செவுளைத் தூக்கிப் பார்த்தே பழுது சொல்லுகிற எனக்கும் அது பிடிபடாது.

கழுவினால் போகுமென்றால் இதே ஒன்ராறியோவில் கிராஸி நரோஸ் என்ற பழங்குடிக் குடியிருப்புச் சனத்துக்கு நோயும் வறுமையும் வந்திராது. 1962 முதல் 1970 வரை, ட்ரைடன் நகரின் காகித ஆலைக்காக இயங்கிய இரசாயனத் தொழிற்சாலை ஏறக்குறைய 9 தொன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடம்பில் சேரும் நச்சான மெதைல் பாதரசமாக்க, சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் அது ஏறிக்கொண்டே போனது. கிராஸி நரோஸின் அனிஷினாபே பழங்குடி மக்களுக்குச் சாப்பாடும் பிக்கரல் மீன்தான், தொழிலும் அதுதான். உல்லாசப் பயணிகளைத் தூண்டில் போடக் கூட்டிப்போய், அவர்களோடேயே அந்த மீனைச் சுட்டுத் தின்றவர்கள். 1970இல் மீன் வியாபாரம் தடைப்பட, சோறும் சம்பளமும் சேர்ந்தே போயின. ஜப்பானில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களுக்கு வந்த மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய வைத்தியர் ஹரடா மசசூமி 1975இல் வந்து பார்த்தார். விரல் விறைப்பு, நடுக்கம், ஒடுங்கிய பார்வை என்று இங்கேயும் அதே அறிகுறிகள்.

துப்புரவாக்க 2017இல் மாகாண அரசு 85 மில்லியன் டொலர் அறிவித்தது. சேறு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆலைக் கழிவுநீரிலுள்ள சல்பேற் இன்றைக்கும் மெதைல் பாதரசத்தைக் கூட்டுகிறது என்று 2024இல் வெஸ்டேர்ன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நீலத் துணியை ஆறுபோலப் பிடித்தபடி அந்தச் சனம் மாகாணச் சட்டசபை இருக்கிற குயின்ஸ் பார்க்குக்கு நடந்து வருகிறது. எங்கள் பத்திரிகைகளில் அதற்கு ஒரு மூலைகூடக் கிடைப்பது அரிது. சமையல் குறிப்புக்கு முழுப்பக்கம்!

தயவுசெய்து திருத்தம் போடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை என்று தேடி வாங்குகிறவர்கள் எங்கள் கடையில் நிறையப் பேர். பாலூட்டும் தாய்க்கு மாதத்தில் 150 கிராமுக்கு மேல் சுறா வேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. அதையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஏரியில், எந்த நீளத்து மீனை, மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசின் கையேடு ஒன்றும் இருக்கிறது. கோடையில் தூண்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு அதைத் தமிழில் தந்தால் உதவியாக இருக்கும்.

மீன்கடை ஊழியர்,
ஸ்காபரோ