ரிப்போர்ட்டைப் பார்த்தாயா?

சிவகாசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

தம்பியின் மரபணு டெஸ்ட் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் இல்லை. அம்மா கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாயாம். அதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாச்சு. விருதுநகர் அத்தை வந்துவிட்டுப் போனாள். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள். அதை விடு.

தம்பிக்குக் கால்சியம் மாத்திரை நேரந்தவறாமல் கொடுக்கிறோம். காக்காய் வலிப்பு என்று ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் மருந்து கொடுத்தாரே, அது கால்சியம் குறைந்து வந்த வலிப்பு. ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கிற, கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி அவனுக்குச் சரியாக வளரவில்லையாம். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை, அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. முதல் தடவை வந்தபோது நாங்கள் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தவள் நீ. அப்போது நீ ஸ்கூல் பிள்ளை.

இதய ஆபரேஷன், பச்சைப் பிள்ளையில் குடித்த பால் மூக்கு வழியே வந்தது, மூக்கால் பேசுகிறான் என்று கேலி பண்ணியது, எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. சுமார் 30 லட்சம் டி.என்.ஏ. எழுத்து, அதில் நாற்பது சொச்சம் ஜீன். சின்ன வயதில் எடுத்த குரோமோசோம் டெஸ்டில் நார்மல் என்று வந்ததே, அந்த மைக்ரோஸ்கோப்புக்கு இவ்வளவு சிறிய துண்டு தெரியாதாம். இப்போது எடுத்தது ஃபிஷ் டெஸ்ட். அந்த இடத்தில் போய் ஒட்டி ஒளிர்கிற சாயம் விடுகிறார்கள். எல்லோருக்கும் 22-ஆம் குரோமோசோம் இரண்டு உண்டு, இரண்டிலும் ஒளிர வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார், இவனுக்கு ஒன்றில்தான் ஒளிர்கிறது.

பஸ் டைம் அத்தனையும் மனப்பாடம், ஐம்பது ரூபாய்க்கு மீதிச் சில்லறை மட்டும் எண்ணத் தெரியாது. பேச்சில் பரவாயில்லை, கணக்கில் திணறல் என்பது இந்தக் குறை உள்ள பலருக்கும் உண்டாம். அந்த டியூஷன் வாத்தியாரைத் தெருவில் பார்த்தால் ரிப்போர்ட்டை நீட்டலாம் என்றிருக்கிறேன்.

காலமெல்லாம் புரூஃப் பார்த்தவன், எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஒரே மாதிரி வரி இரண்டு இடத்தில் வந்தால் கம்பாசிட்டர் கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும், நடுவில் ஒரு பத்தி காணாமல் போகும். மேலே தாவினால் அதே பத்தி இரண்டு தரம் விழும். அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுத்து வரிசை இருக்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ உண்டாகும்போது அங்கே தவறுகிறது. (அப்பா இதையெல்லாம் எழுதுகிறாரே என்று நினைக்காதே. மரபணு டாக்டரம்மா இதைவிட வெளிப்படையாகப் பேசினார்.) அதே துண்டு கூடுதலாக உள்ளவர்களும் உண்டு. சிலருக்குப் பேச்சும் படிப்பும் தாமதப்படும், பலருக்கு ஒன்றும் தெரியாது. வெளியே உட்கார்ந்திருந்த லாரிக்காரருக்கு, பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்த பிறகுதான் தனக்கும் இருப்பது தெரிந்ததாம்.

எனக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் இல்லை. துண்டு இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படிப் புதிதாகத்தான் வருகிறதாம். சொந்தத்தில் கட்டியதால் வந்தது இல்லை, கிரகணத்தால் வந்தது இல்லை. அதைக் கேட்டுவிட்டு அம்மா பஸ்ஸில் மதுரை தாண்டும்வரை வாயே திறக்கவில்லை.

தம்பிக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 'கல்யாணம் பண்ணி வை, சரியாகிவிடும்' என்பவர்களுக்கு நான் பதிலே சொல்வதில்லை. உன் கணக்கு வேறு. உனக்கு இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. அறவே இல்லை என்று மட்டும் டாக்டரம்மா சொல்லவில்லை, பெற்றவர் ரத்தத்தில் தெரியாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ சிலவற்றில் மட்டும் ஒளிந்திருக்கலாமாம். ஒரு டெஸ்ட் எடுத்து இல்லையென்று வந்துவிட்டால், ஊரில் எல்லோருக்கும் உள்ள கணக்குத்தான் உனக்கும். சில ஆயிரம் குழந்தைகளில் ஒன்று.

நான் எதையும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கமாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் பொங்கலுக்கு வந்தபோது 'வீட்டுக்கு ஒருத்தன் போதும்' என்று அம்மாவிடம் சொன்னாயாமே. விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு நீ போய்விட்டாய், இங்கே நாங்கள் ரெண்டு பேரும் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மறைக்காமல் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறை உள்ளவர்களில், பெரியவர்களான பிறகு நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வரக்கூடுமாம். தூக்கம் கெட்டால், சந்தேகமாகப் பேசினால், உடனே கூட்டிவரச் சொன்னார். ஒருநாள் ராத்திரி அவன் அறையில் தனியாகப் பேச்சுக் குரல் கேட்டு ஓடினேன். கிரிக்கெட் கமெண்டரி சொல்லிக்கொண்டிருந்தான். கடைசி ஓவர் முடியும்வரை வாசலிலேயே நின்றேன்.

புனேயில் ஒரு மரபணு டாக்டரைப் பார். தம்பி ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோ, எந்த இடத்தைப் பார்ப்பது என்று அதில் இருக்கிறது. வெறும் வயிற்றில் போக வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல்வது உன் இஷ்டம், என்னைக் கேட்டால் சொல்லலாம். டெஸ்டுக்குப் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறேன். போன தடவை மாதிரி திருப்பி அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா