ஒரே லோடு, இரண்டு வாடகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லாரி வாடகை ஏறியதால்தான் மளிகைச் சாமான் விலை கூடிவிட்டது என்று வியாபாரிகள் சொன்னதாகக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் ஒரு செய்தி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சங்ககிரிப் பக்கம் இரண்டு லாரி வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் 22 வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். இடுப்பு எலும்பு தேய்ந்து, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, 2019-இலிருந்து லோடு பேசுவது, டீசல் கணக்கு, டியூ கட்டுவது எல்லாம் நான்தான். வாடகை ஏறியது என்கிறார்களே, அது யார் கைக்குப் போகிறது என்பதை என் நோட்டில் உள்ள ஒரே ஒரு ட்ரிப்பை வைத்துச் சொல்கிறேன்.

போன ஆவணியில் சேலத்திலிருந்து பிவண்டிக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றினோம். பிவண்டி மும்பைக்குப் பக்கத்தில் உள்ள ஊர், எங்கு பார்த்தாலும் கிடங்குகள். நவராத்திரி விரதத்துக்கு மராட்டியர்கள் ஜவ்வரிசியைத்தான் அதிகம் சாப்பிடுவார்கள் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து சரக்கு நிறையக் கிளம்பும். வாட்ஸ்அப் குரூப்பில் "சேலம் டு பிவண்டி, 25 டன், டாரஸ், அர்ஜென்ட்" என்று வந்தது. டாரஸ் என்றால் பல சக்கரப் பெரிய லாரி. எங்கள் பன்னிரண்டு சக்கர வண்டி காலியாக நின்றது. போன் போட்டேன். டன்னுக்கு 2,350 ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது, மில்காரர் கொடுப்பதே அவ்வளவுதான் என்றார் புரோக்கர். வண்டி நின்றால் டியூ நிற்காதே. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

ஆக மொத்த வாடகை 58,750. அதில் அட்வான்ஸ் 47,000, மீதி 11,750 சரக்கு இறங்கி, பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்திட்ட அக்னாலெட்ஜ்மெண்ட் காப்பி வந்த பிறகு. கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே வழியாக 1,200 கிலோமீட்டருக்கு மேல். லோடோடு போனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கூடக் கிடைக்காது. டீசல் 330 லிட்டர், ஏறத்தாழ 30,000 ரூபாய். ஃபாஸ்டேகில் டோலுக்குப் போனது 9,640. டிரைவர் படி 6,000. ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் மாமூல், கூலி என்று 2,500. வழிச்செலவு 1,500. புரோக்கருக்கு எங்கள் பக்கத்துக் கமிஷன் 1,000. கூட்டிக் கழித்தால் கையில் நின்றது 8,110 ரூபாய். அந்த வண்டிக்கு மாதக் கடன் தவணை, அதாவது டியூ, 48,000. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 44,000. டயர், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, காலாண்டு வரி எல்லாம் இதற்கு மேல்.

இது வரைக்கும் எல்லா லாரிக்காரர் வீட்டிலும் இருக்கும் கணக்குத்தான். எனக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகு.

நாலாம் நாள் வண்டி பிவண்டி சேர்ந்தது. கிடங்கில் இடமில்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். மழை விடாமல் பெய்கிறது, தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு டிரைவர் கேபினிலேயே கிடக்கிறார். குளிக்க, கழிப்பறை போகப் பக்கத்தில் ஒரு வசதி இல்லை. இ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு, அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். எங்களுக்குக் கிடைத்தது ஏழு நாள். அது முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். அதைச் சொல்லலாம், ஹால்டிங், அதாவது வண்டி நின்ற நாளுக்கான பணம், கேட்கலாம் என்று புரோக்கருக்குப் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப்.

வேறு வழி தெரியாமல், பில்லில் அச்சடித்திருந்த மில் நம்பருக்குக் கூப்பிட்டேன். முதலாளியே எடுத்தார். விஷயத்தைச் சொல்லி, "டன்னுக்கு 2,350-க்கு ஓட்டிக்கிட்டு நாலு நாள் நின்னா நாங்க என்னங்க பண்றது" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏனுங்கம்மா, நான் டன்னுக்கு 2,900 குடுத்திருக்கறனே! லாரிக்காரங்க ரேட் ஏத்திட்டாங்கன்னு சொல்லித்தானே வாங்கினாங்க" என்றார்.

டன்னுக்கு 550 வித்தியாசம். 25 டன்னுக்கு 13,750 ரூபாய். வண்டியையும் டிரைவரையும் 1,200 கிலோமீட்டர் அனுப்பிய எங்களுக்கு 8,110, போனில் பேசியவர்களுக்கு 13,750. விசாரித்துப் பார்த்தால் சேலத்தில் ஒரு ஆபீஸ் எடுத்து, அது இன்னொரு ஆபீசுக்குக் கைமாற்றி, அங்கிருந்து குரூப்புக்கு வந்திருக்கிறது. அந்த மில் முதலாளிக்கும் நிம்மதி இல்லை. சரக்கு தாமதம் என்று பிவண்டி வியாபாரி அவரிடம் பணத்தைப் பிடித்துக்கொள்வேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தாராம். வண்டி எங்கே நிற்கிறது, டிரைவர் யார் என்றே அவருக்குச் சொல்ல ஆளில்லை. அவர் போன் போட்டுச் சத்தம் போட்ட பிறகுதான் அன்று சாயந்திரம் சரக்கு இறங்கியது.

புரோக்கர் என்றாலே திருடன் என்று நான் எழுத வரவில்லை. 2021-இல் சித்ரதுர்கா பக்கம் எங்கள் வண்டி பின் அச்சில் உள்ள கிரவுன் என்ற பல்சக்கரம் உடைந்து நின்றபோது, சங்ககிரியில் உள்ள ஒரு புக்கிங் ஆபீஸ்காரர்தான் ராத்திரி பதினோரு மணிக்கு அங்குள்ள மெக்கானிக்கைப் பிடித்துக் கொடுத்தார், மாற்று வண்டி அனுப்பி லோடை மாற்றினார், கமிஷனைக் கூட அடுத்த மாதம் வாங்கிக்கொண்டார். போன இடத்தில் ரிட்டர்ன் லோடு பிடிப்பதும் புரோக்கர் இல்லாமல் ஆகிற காரியமில்லை. நாசிக்கில் வெங்காயம் ஏற்றக் காத்திருக்கும் டிரைவருக்கு எந்த வியாபாரியைத் தெரியும்? அந்த வேலைக்கு நியாயமான கமிஷன் கொடுப்பதில் எங்களுக்கு வருத்தமே கிடையாது. ஒரே லோடுக்கு இரண்டு வாடகை வைத்து, சரக்கு அனுப்புகிறவரிடம் லாரிக்காரனைக் குற்றம் சொல்லியும், லாரிக்காரனிடம் சரக்கு அனுப்புகிறவரைக் குற்றம் சொல்லியும் நடுவில் எடுக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பி.காம். படிக்கும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று 2007-இலேயே மத்திய அரசு போட்டு, 2011 மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சரக்கு புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுக்க வேண்டும். இவ்வளவும் இருக்கிறது. நான் லோடு பேசும் ஆபீஸ்களில் எத்தனை பேர் அந்தப் பதிவுச் சான்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று இந்த ஆறு மாதமாகப் பார்த்து வருகிறேன். இரண்டு இடத்தில்தான் பார்த்தேன். போன் நம்பர் மட்டும் வைத்து நடத்துகிறவர்களுக்குச் சுவரே கிடையாது.

பாக்கி வாடகை கதை இன்னொன்று. பிவண்டி ட்ரிப்பின் 11,750 ரூபாய் எனக்கு வந்து சேர 74 நாள் ஆனது. அதிலும் இரண்டு மூட்டை ஷார்ட்டேஜ் என்று ஒரு தொகையைக் கழித்தார்கள். ஏற்றும்போது எடை மேடைச் சீட்டு, இறக்கும்போது எடை மேடைச் சீட்டு இரண்டையும் அனுப்பியும் பதில் இல்லை. நாலு நாள் ஹால்டிங்குக்கு ஒரு பைசா தரவில்லை. டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, என்று ஒரு சதவீதம் வேறு பிடித்தார்கள். பத்து வண்டி அல்லது அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் பிடிக்கத் தேவையில்லை, நான் எழுதியும் கொடுத்திருந்தேன். சரி, பிடித்ததையாவது கட்டினார்களா என்று என் பெயரில் உள்ள வரிக் கணக்கைப் பார்த்தால் அங்கே எதுவும் ஏறவில்லை.

சிறு நிறுவனங்களுக்கான சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. 2023 ஏப்ரலில் தொடங்கிய கணக்கு ஆண்டிலிருந்து, காலத்தில் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டவும் முடியாது. உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு செய்த லாரிக்காரருக்கும் இது பொருந்தும். நானும் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் என் நம்பரை எல்லாக் குரூப்பிலிருந்தும் நீக்கிவிடுவார்களே. இரண்டு வண்டி வைத்திருப்பவள் யாரை எதிர்த்து எத்தனை நாள் நிற்க முடியும்?

வண்டி அதிகம், லோடு குறைவு, அதனால் வாடகை இறங்குகிறது, இதில் புரோக்கர் என்ன செய்வார் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை ஏற்றினார்கள். பின்னால் இரட்டை அச்சுக்கு 19 டன் என்றிருந்தது 21 டன் ஆனது. அதே சரக்கைக் குறைந்த வண்டியிலேயே ஏற்றிவிட முடிந்தது, மிச்ச வண்டிகள் நின்றன. என் வீட்டுக்காரர் வாங்கிய வாடகையும் அந்த வருடம் இறங்கியது. சாதகமானதையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கும் டயருக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகவும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. பன்னிரண்டு டயர் மாற்றுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் செலவு குறைந்தது தெரிந்த உடனே, "அதான் டயர் விலை குறைஞ்சிருச்சே" என்று வாடகையைக் குறைத்துக் கேட்கிறார்கள். மில்காரருக்கும் அதே அளவு குறைத்தார்களா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசே வாடகையை நிர்ணயிக்கட்டும் என்று எங்கள் ஆட்களில் பலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 67-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆடியில் வாடகை இறங்கும், தீபாவளிக்கு முன்னால் ஏறும். பொங்கலுக்கு டிரைவர்கள் ஊருக்கு வந்துவிட்டால் கேட்ட வாடகை கிடைக்கும். இதை ஒரு அரசாணையில் அடக்க முடியாது. வாடகை ஏறட்டும், இறங்கட்டும். எவ்வளவு என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தால் போதும்.

அதனால் நான் கேட்பது இதுதான். சரக்கு ரசீதில் மில்காரர் கொடுக்கும் வாடகையையும், லாரிக்குப் போகும் வாடகையையும், கமிஷனையும் தனித்தனியாக எழுதி ஒரு பிரதி டிரைவர் கையிலும் ஒரு பிரதி மில்லிலும் இருக்க வேண்டும். இறக்குமிடத்தில் இரண்டாம் நாளிலிருந்து ஹால்டிங் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். 2007 சட்டப்படி பதிவு செய்த ஏஜென்டுகளின் பட்டியலைச் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் வாசலிலேயே ஒட்ட வேண்டும். சரக்கு அனுப்புகிற மில்காரர்கள், ஜவுளிக்காரர்கள், மஞ்சள் மண்டிக்காரர்கள் அந்தப் பட்டியலில் இருப்பவரிடம் மட்டும் லோடு கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வண்டி கிளம்பும்போது டிரைவரிடம் ஒரு வார்த்தை, "உனக்கு எவ்வளவு வாடகைப்பா?" என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

அந்த ஜவ்வரிசி மில் முதலாளி இப்போது மாதம் இரண்டு லோடு எங்களுக்கு நேராகவே தருகிறார். டன்னுக்கு 2,700. அவருக்கு 200 மிச்சம், எங்களுக்கு 350 கூடுதல், பாக்கி பத்தாம் நாள் வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. மற்ற ட்ரிப்புகளுக்கு இன்றைக்கும் அதே குரூப்தான். இந்தக் கடிதத்தை எழுதும்போது எங்கள் இரண்டாவது வண்டி நாசிக்கில் மூன்றாம் நாளாக வெங்காய லோடுக்கு நிற்கிறது. டன்னுக்கு எவ்வளவு என்று புரோக்கர் சொல்லிவிட்டார். வெங்காய வியாபாரி எவ்வளவு கொடுக்கிறார் என்பதை நான் யாரிடம் கேட்பது?

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி வட்டம், சேலம் மாவட்டம்.