பூனைக்கும் பத்தியம் உண்டு

ஆசிரியருக்கு,

தோட்டத்து வீடுகளில் பூனைக்கு வயிறு கலங்கினால் பால்சோறோ மிச்சக் குழம்போதான் வைக்கிறார்கள். இரண்டுமே கெடுதல். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும்.

தோல், எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 200 கிராமை உப்பில்லாமல் 20 நிமிடம் வேகவைத்து, நார்நாராகப் பிய்க்கவும். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து கறியிலிருந்து அதில்தான் இறங்கியிருக்கும். ஆறியதும் மேலே ஆடை கட்டும் கொழுப்பை மட்டும் வழித்துவிட்டு, நீரைக் கறியோடு கலந்து, கொஞ்சங்கொஞ்சமாக நான்கு வேளை வையுங்கள். ருசிக்காக ஈக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) சேர்ப்பது வீண் வேலை, அத்தனையும் உப்பு.

மூன்று நாளுக்கு மேல் இதையே நீட்டாதீர்கள். நாள்பட்டால் டாரின் குறைந்து இதயமும் கண்ணும் கெடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ மலத்தில் ரத்தம் கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட்