தெருப் படிப்பகச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சந்தா செலுத்திய உறுப்பினர்களே, இனிமேல் செலுத்தவிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இயங்கிவரும் நமது படிப்பகம் மற்றும் மனமகிழ் மன்றத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அறிக்கை இரண்டு பக்கங்களுக்கு மிகக் கூடாது என்று தலைவர் கேட்டுக்கொண்டார். செயலாளர் மீது பேசப்பட்ட சில விஷயங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதால் அது இயலவில்லை.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். ஆடி மாதம் கூழ் ஊற்றினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடைபெற்றது. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. பரிசளிப்பில் ஏற்பட்ட மனத்தாங்கல் அன்றே பேசித் தீர்க்கப்பட்டது. கேரம் போட்டியும் நடந்தது; கேரம் பலகையைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

இவ்வாண்டில் மறைந்த திரைக்கலைஞர்களான சி.ஐ.டி. சகுந்தலா, டெல்லி கணேஷ், பின்னணிப் பாடகர் பி. ஜெயச்சந்திரன், மனோஜ் பாரதிராஜா ஆகியோருக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. தீர்மானம் வாசித்தபோது அவையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

இனி, சென்ற பொதுக்குழுவில் கைதட்டி ஏற்றுக்கொள்ளப்பட்ட ‘நினைவுத் திரை’ பற்றி. மறைந்த கலைஞர் ஒருவரின் நினைவு நாளை ஒட்டி வரும் சனிக்கிழமை மாலையில் அவர் நடித்த ஒரு படத்தை முழுமையாகத் திரையிடுவது என்பதும், படிப்பக வாசலில் உள்ள கரும்பலகையில் ‘பார்க்கலாம்’, ‘தவிர்க்கலாம்’ என்று இரண்டு பத்திகள் பிரித்து உறுப்பினர்களுக்குப் படங்களைப் பரிந்துரைப்பது என்பதும் திட்டம். கதாநாயகர்களை ஏன் விட்டுவிட்டீர்கள், நகைச்சுவைக் கலைஞர்களுக்கும் குணச்சித்திரக் கலைஞர்களுக்கும் மட்டும் ஏன் என்று மூத்த உறுப்பினர்கள் இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். கதாநாயகர்களின் நினைவு நாளில் படத்துக்கு மாலை போடவும் ஒலிபெருக்கி கட்டவும் நம் பகுதியில் தெருவுக்கு ஒரு குழு இருக்கிறது. நாயகனுக்குப் பக்கத்தில் நின்று நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு முழம் பூ வாங்கவும் ஆளில்லை என்பதே என் பதில்.

ஜூலையில் டி.எஸ். பாலையாவுக்காகக் ‘காதலிக்க நேரமில்லை’ படத்துடன் தொடங்கினோம். நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா பயப்படும் காட்சியில், கீழே இஸ்திரி வண்டியில் நின்றவர்கள்கூடச் சத்தம் கேட்டு மாடிக்கு ஏறி வந்தார்கள். ஆகஸ்டில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நினைவாக, அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யைத் திரையிட்டோம். 1944-இல் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் தண்டனை பெற்று 1947-இல்தான் விடுதலையானார்கள் என்பதையும், வழக்கு நடந்த காலத்திலேயே பாகவதரின் ‘ஹரிதாஸ்’ இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் முன்னுரையாகக் கூறினேன். முன்னுரை நீண்டுவிட்டது என்று ஒரு புகார் வந்தது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சிறையிலிருந்து வந்த மனிதர் இரண்டே ஆண்டுகளில் மதுவிலக்கைப் பற்றியும், கிந்தனார் காலட்சேபத்தில் தாழ்த்தப்பட்ட ஒரு பையனின் படிப்பைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்கப் பேசியிருக்கிறார் என்பது தெரியாமல் அந்தப் படத்தைப் பார்ப்பது பாதிப் படம் பார்ப்பதற்குச் சமம் என்று இப்போதும் கருதுகிறேன்.

செப்டம்பர் 28, கே.ஏ. தங்கவேலு மறைந்து 30 ஆண்டுகள் நிறைந்த நாள். ‘கல்யாணப் பரிசு’ திரையிடப்பட்டது. இங்குதான் கருத்து வேறுபாடு தொடங்கியது. தங்கவேலு வேலை பார்ப்பதாகப் பொய் சொல்லும் மன்னார் அண்ட் கம்பெனி காட்சிகளை மட்டும் போட்டுவிட்டு எல்லோரையும் ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு அனுப்பலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். கைப்பேசியில் நகைச்சுவைத் துண்டுகளை மட்டும் வெட்டிப் பார்த்துப் பழகியதன் விளைவு இது. பூரி சுடக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நம் உறுப்பினர்களில் பார்க்காதவர் இல்லை. அது ‘அறிவாளி’ படத்தில் வருவது என்று கேட்டவுடன் சொன்னவர் ஒருவர்தான், அவரும் என் மைத்துனர். ‘கல்யாணப் பரிசு’ ஒரு துயரக் கதை. அக்காளும் தங்கையும் ஒருவனையே விரும்பி மனம் உடையும் கதைக்கு நடுவில், வேலையில்லாத ஒருவன் தன்னைப் பெரிய எழுத்தாளர் பைரவன் என்று சொல்லித் திரிகிறான் என்பதனால்தான் அந்தப் பொய்க்கு அத்தனை ருசி. அழுகையை நீக்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்தால், கருவாட்டை மட்டும் எடுத்துக் குழம்பை விட்ட கதையாகிவிடும். ஆகவே ‘தவிர்க்கலாம்’ பத்தியில் முதல் வரியாக ‘எல்லா நகைச்சுவைத் தொகுப்புகளும்’ என்று எழுதினேன். அந்த வரி இன்றும் அழிக்கப்படவில்லை.

அக்டோபரில் ஆச்சி மனோரமாவுக்காகத் ‘தில்லானா மோகனாம்பாள்’ திரையிடுவதாக அறிவித்திருந்த சனிக்கிழமை விஜயதசமியாக அமைந்துவிட்டதால், அவர் நடித்த ஜில் ஜில் ரமாமணியை நானும் காவலாளியும் மட்டும் பார்த்தோம். நாள் குறித்ததில் தவறு என்னுடையது. அடுத்த வாரம் மறுதிரையிடல் நடத்தலாம் என்ற என் கடிதத்திற்கு நிர்வாகக் குழு இன்னும் பதில் தரவில்லை.

நவம்பர் 9 தேங்காய் சீனிவாசனின் நினைவு நாள். அன்றே சனிக்கிழமையாகவும் அமைந்தது. 1981-இல் வெளிவந்த ‘தில்லு முல்லு’வைத் திரையிட்டோம். மீசையை வைத்து மனிதரை எடைபோடும் முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன் ஏமாறும் ஒவ்வொரு முறையும், ஏமாற்றுபவன் ரஜினிகாந்தாக இருந்தும், கூட்டத்தின் கண் ஏமாறுபவர் மீதே இருந்தது. மறுநாள் காலையில் நாளிதழ் வாங்க வந்தவர்கள் முந்தைய இரவில் டெல்லி கணேஷ் காலமானார் என்ற செய்தியைச் சொன்னார்கள். முதல் நாள் மாலை ஒரு கலைஞருக்கு ஏற்றிய விளக்கின் எண்ணெய் காயும் முன் இன்னொருவருக்கும் அதே தேதி வந்து சேர்ந்தது.

அந்த வாரமே நிர்வாகக் குழுவைக் கேட்காமல் ‘பசி’ படத்தைத் திரையிட்டேன். இதுவே என் மீதுள்ள முதல் குற்றச்சாட்டு. விமானப்படையில் பணியாற்றி, டெல்லியில் நாடகம் போட்டு, பாலச்சந்தர் வைத்த பெயருடன் நடிக்க வந்த ஒருவர், 1979-இல் துரை இயக்கிய அந்தப் படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாத் தொழிலாளி முனியாண்டியாக வாழ்ந்து காட்டினார். மகள் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டே அந்தப் பெண் மறைந்தார். நம் தாத்தாக்களில் எத்தனை பேர் ரிக்‌ஷா இழுத்தவர்கள் என்பது இந்த அவைக்குத் தெரியும். படம் முடிந்ததும் விளக்கைப் போடாதே என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் முகம் துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து போட்டேன். அன்று வந்தவர்கள் பதினொரு பேர். குழுவின் அனுமதிக்குக் காத்திருந்தால் அது நடந்திருக்காது.

நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் தண்ணீர் நின்றது. டிசம்பரில் திரையிடல் இல்லை.

திரைத்துணி பற்றியும் கூற வேண்டும். எம்.சி. ரோட்டில் என் சொந்தப் பணத்தில் வாங்கிய வெள்ளைத் துணியை, உறுப்பினர் ஒருவர் தம் வீட்டு வளைகாப்பில் பந்திக்குப் பின்னால் கட்டுவதற்கு எடுத்துச் சென்று, சாம்பார்க் கறையுடன் திருப்பித் தந்தார். மூன்று முறை வெளுத்தும் போகவில்லை. ஜனவரியில் நாகேஷ் நினைவாகத் திரையிட்ட ‘எதிர்நீச்சல்’ முழுவதும் மாடிப்படி மாதுவின் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் நிலா நின்றுகொண்டே இருந்தது. இருந்தும், ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் அன்றுதான். பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஏவல் செய்து, அந்த வீட்டுச் சோற்றில் படிக்கும் ஓர் அநாதைப் பையனின் கதையை, ஒரே குழாய்க்கு எட்டுக் குடம் வரிசை வைத்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘பார்க்கலாம்’ பத்தியில் இதற்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறேன். கூட்டத்துக்குக் காரணம் அன்று வழங்கப்பட்ட பட்டாணிச் சுண்டல் என்று பொருளாளர் கூறுகிறார். சுண்டல் செலவை அவர் கணக்கில் ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 8-ஆம் தேதி ஜே.பி. சந்திரபாபு நினைவாக ‘சபாஷ் மீனா’. அதில் அவருடைய இரட்டை வேடத்தில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். 1958-இலேயே நம் சென்னைத் தமிழைக் கேலிக்காக அல்லாமல், அதன் ஓசை பிடித்துப்போய்ப் பேசியவர் அவர். அந்த வழியில் வந்த லூஸ் மோகனுக்கும் ஒரு மாலை ஒதுக்க எண்ணினேன். அவர் வரும் காட்சிகள் பல படங்களில் சிதறிக் கிடப்பதால், துண்டுகளைத் தவிர்க்கச் சொன்ன நானே துண்டுகளைப் போட நேரும் என்று கைவிட்டேன். சந்திரபாபு தாமே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை ‘இப்போதைக்குத் தவிர்க்கலாம்’ என்று எழுதியது தலைவருக்கு வருத்தம் தந்தது. அவரை முதன்முதலாக அறியப்போகும் பிள்ளைகள் அதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து; படத்தின் மீது எனக்குப் பகை இல்லை.

பலகையைப் பற்றிய மற்ற தகராறுக்கு வருகிறேன். 2013-இல் மறுபடி எடுக்கப்பட்ட ‘தில்லு முல்லு’வைத் ‘தவிர்க்கலாம்’ பத்தியில் சேர்த்தேன். பழையதைப் பார்த்தவருக்குப் புதியது தேவையில்லை, பார்க்காதவர் முதலில் பழையதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அதில் உள்நோக்கம் இல்லை. மறுநாள் காலையில் படத்தின் பெயர் அழிக்கப்பட்டு, ‘செயலாளரைத் தவிர்க்கலாம்’ என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவருடைய ‘ர’வும் ‘ற’வும் சந்தாப் புத்தகத்தில் பழக்கமானவை. கத்தி எடுத்தவன் வாயில் மட்டுமே நம் பேச்சை வைத்து, வடசென்னை என்றால் ரத்தம் என்று காட்டும் சில புதிய படங்களையும் அந்தப் பத்தியில் எழுதினேன். அவற்றின் பெயர்களை அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று குழு தீர்மானித்திருப்பதால் சேர்க்கவில்லை. பலகையில் இருக்கின்றன.

வருகை குறைந்ததற்குப் படங்கள் பழையவை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. உண்மைக் காரணம் கேரம் பலகை. ஆறரை மணிக்குப் படம் என்றால் ஆறேகால் வரை பலகையை நகர்த்த விடுவதில்லை. ‘சிவப்பு போட்டுட்டுப் போறோம் சார்’ என்ற சொல்லை இந்த ஆண்டு எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கிடவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை 2020-இல் மூடியபோது வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருந்தியவர்களில் பலர் நம் கேரம் அணியினர். இருக்கும் மாடித் திரைக்கு அவர்கள் வருவதில்லை.

சந்தா மாதம் 50 ரூபாய். உறுப்பினர் பட்டியலில் 62 பெயர்கள் உள்ளன. ஆண்டு முழுவதும் செலுத்தியவர்கள் 17 பேர். பாதி செலுத்தியவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. ஒன்றும் செலுத்தாதவர்கள் யாரும் இன்று வரவில்லை என்பதால் வாசித்துப் பயனில்லை. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. ரசீதுகளில் சில மழையில் நனைந்துவிட்டன.

இடம் தந்த வீட்டு உரிமையாளருக்கும், படக்கருவியை இரவல் தந்த ஒலி ஒளி அமைப்பாளருக்கும், மின்கட்டணத்தை இருமுறை தம் கையிலிருந்து செலுத்திய தலைவருக்கும், காவலாளிக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் மனு அளிக்கலாம் என்று ஒரு மாதமாக அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. இதுவரை மனு வரவில்லை. யாரும் வராத நிலையில் அவையின் விருப்பம் எதுவோ அதற்குக் கட்டுப்படுகிறேன். அவ்வாறு கட்டுப்பட வேண்டியிருந்தால், புதிய திரைத்துணி ஒன்று மன்றச் செலவில் வாங்கப்பட வேண்டும்.

ஏப்ரல் 17 விவேக் நினைவு நாள். அதை ஒட்டி 19-ஆம் தேதி சனிக்கிழமை, அவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரியாக நடித்த ‘வெள்ளைப் பூக்கள்’ திரையிடப்படும். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறலாம். அவருக்கு இதுவும் வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வரலாம். படம் ஆறரை மணிக்குத் தொடங்கும். கேரம் பலகை ஆறு மணிக்கே நகர்த்தப்பட்டிருக்க வேண்டும். சுண்டல் உண்டு. சந்தாப் புத்தகம் மாடிப்படியின் முதல் படியில், சுண்டலுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்