காலாப்பட்டு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு, ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மடல்

தம்பிகளே, தங்கைகளே,

மூட் கோர்ட், அதாவது நீங்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி, வந்துவிட்டால் என் கடையில் நிற்க இடமிருக்காது. ஸ்பைரல் பைண்டிங், ஐந்து நகல், அதுவும் இன்றைக்கே. போன வருடம் அந்தக் கூட்டத்தில், கீழ்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வந்த ஓர் அக்கா பிளாஸ்டிக் கவரோடு ஒதுங்கி நின்றார். உங்கள் கற்பனை வழக்கின் கட்சிக்காரரும் அகதிதான். குறை சொல்லவில்லை, நானும் "கொஞ்சம் நில்லுங்கக்கா" என்றுதான் சொன்னேன்.

கவரில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். அந்த அக்காவின் அண்ணன் 1987 மே மாதம் ராமேஸ்வரத்தில் பிறந்தவர், அக்கா பிறந்தது 1989. கடைக்கு வந்த வக்கீல் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு, அதன்பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தங்கை அந்நியர்! அண்ணனுக்கே இது தெரியாது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. 2024-ல் அவர் ஓட்டும் போட்டார். இந்த அண்ணனுக்கோ சான்றிதழில் ஒரு பெயர், முகாம் அட்டையில் வேறு எழுத்து. அதைச் சரிசெய்ய அஃபிடவிட், மனு, தாலுகா ஆபீஸ் நடை. பெரிய வக்கீல் வேண்டாம், பொறுமையாக உட்கார்ந்து தேதி பார்க்கிற ஆள் போதும்.

அதே அக்கா பிறகு ஒருநாள் இனிப்போடு வந்தார். அம்மாவுக்குக் குடியுரிமை வந்துவிட்டதாக யாரோ சொன்னார்களாம். ஆனால் 2025 செப்டம்பரில் மத்திய அரசு கொடுத்தது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை கிடையாது என்ற விலக்கு மட்டும்தான். அதை அவரிடம் சொல்ல வேண்டிய ஆள் நானா?

ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் உங்களுக்கு உண்டு. சென்னைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் இரண்டு வாரம் இங்கே கொடுங்கள். முகாம் இருப்பது புதுச்சேரி எல்லையான கனகசெட்டிக்குளம் தாண்டி, தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், 'நம் எல்லை இல்லை' என்பார்கள். பஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை.

முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக எழுதிக் கேளுங்கள். அதுவரை என் கடை பெஞ்சு இருக்கிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்காது. அண்ணனை எல்லா அசலோடும் வரச் சொல்லியிருக்கிறேன்.