கோஃபிலின் கூடினால் வெட்டு குறைவதேன்?

அன்புள்ள முருகா,

இழையை வெட்டும் புரதமான கோஃபிலினைக் கூட்டக் கூட்ட, செல்லுக்கு வடிவமும் அசைவும் தரும் ஆக்டின் புரத இழை வெட்டுப்படுவது குறைகிறதே, புரதம் கெட்டுப்போனதா என்று கேட்டிருந்தாய். கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான்.

கோஃபிலின் இழைமேல் ஒன்றையொன்று ஒட்டியே உட்காரும். உட்கார்ந்த இடத்தில் இழையின் முறுக்கு ஒவ்வொரு ஆக்டின் மூலக்கூறுக்கும் சுமார் 5 டிகிரி மாறும்; பக்கத்து வெற்றுப் பகுதி பழைய முறுக்கிலேயே இருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இழை ஒடிகிறது. முழுக்கப் போர்த்திவிட்டால் எல்லை ஏது? ஆக்டின் ஆய்வாளர் தாமஸ் பொல்லார்டின் குழு 2006-ல் காட்டியது இதைத்தான். கோஃபிலின் செறிவில் மைக்ரோமோலாரை விட்டு இறங்கு. 10, 50, 100, 500 நானோமோலார் என்று வைத்துப் பார்.

இழையின் வயதையும் கவனி. இழையில் சேர்ந்த ஆக்டினில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு சில நொடிகளில் உடைந்துவிடும், ஆனால் உடைந்த பாஸ்பேட் பாதி வெளியேறவே ஐந்தாறு நிமிடம் ஆகும். அதுவரை கோஃபிலின் சரியாக ஒட்டாது. இழையை அரை மணி நேரம் விட்டு, பிறகு கோஃபிலினைப் போடு. செல்லுக்குள்ளும் இதுதான் கடிகாரம்: நகரும் செல்லின் முன்விளிம்பில் புதிதாகக் கட்டியது தப்பும், பின்னால் பழசானது வெட்டுப்படும். இழை நிலைக்கட்டும் என்று ஃபாலாய்டின் என்ற காளான் நஞ்சைச் சேர்த்துவிடாதே, கோஃபிலினை ஒட்டவே விடாது.

ஆக்டினில் ஒட்டிய ஒளிரும் சாயமான பைரீனின் வரைபடத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. 407 நானோமீட்டரில் ஒளி சரிந்ததும் 'இழை கரைந்தது' என்று எழுதியிருக்கிறாய். கோஃபிலின் ஒட்டினாலே பைரீன் மங்கும், இழை முழுசாக இருந்தாலும்! 1,00,000 ஜி-யில் சுழற்றி, மேல்நீரையும் அடியில் படியும் பெல்லட்டையும் ஜெல்லில் ஓட்டிப் பார். ஆனால் வெட்டுண்ட துண்டுகளும் பெல்லட்டிலேயே கிடக்கும். வெட்டைப் பார்க்க, ஒற்றை இழையையே காட்டும் டிஐஆர்எஃப் நுண்ணோக்கிதான். அங்கே லேசரே சாயம் போட்ட இழையை ஒடிக்கும், அதனால் கோஃபிலின் இல்லாத ஸ்லைடு ஒன்று கட்டாயம். ஷட்டரைத் திறந்தே வைக்காதே.

வெட்டினால் மட்டும் இழை கரையாது. வெட்டில் பிறக்கும் புது பார்ப்டு முனையை (வேகமாக வளரும் முனை) கேப்பிங் புரதம் மூடாவிட்டால், ப்ரோஃபிலின் என்ற துணைப் புரதத்தோடு வரும் ஆக்டின் அங்கேயே சேர்ந்து வளரும். உன் கலவையில் கேப்பிங் புரதம் இருந்ததா? எழுதவே இல்லை. லிம் கைனேஸ் என்ற நொதி மூன்றாம் இடத்துச் செரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் போட்டு கோஃபிலினை முடக்குவது செல்லில் நடப்பது, நீ ஈ.கோலை பாக்டீரியாவில் எடுத்ததற்கு அந்தக் கவலை வேண்டாம். பஃபரின் பிஎச் மட்டும் 7-க்குக் கீழே போயிருந்தால் சொல், வெட்டு மந்தமாகும்.

ஜெல் படம் வந்ததும் அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்